பிரியும்போது பிள்ளை யாரிடம்? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் 28 வருஷம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். அப்புறம் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுத உதவுகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளே இன்று பெற்றோராகி எதிரே வந்து உட்காருகிறார்கள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து வந்தாலும் சரி, படுகர் ஊரான ஹட்டியிலிருந்து வந்தாலும் சரி, வெலிங்டன் ராணுவக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தாலும் சரி, சந்தேகங்கள் ஒன்றேதான். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன். நான் வக்கீல் அல்ல. உங்கள் வழக்கில் எந்த மனுவை எப்போது போடுவது என்பதை வக்கீலோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

"கஸ்டடி, கார்டியன்னு ரெண்டு வார்த்தை சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

இல்லை. பிள்ளை யார் வீட்டில் தூங்கி எழுந்து பள்ளிக்குப் போகிறதோ, அவரிடம் இருப்பது கஸ்டடி. சொத்து, பாஸ்போர்ட், பெரிய ஆபரேஷன் போன்றவற்றில் பிள்ளைக்காக முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர் கார்டியன், அதாவது பாதுகாவலர். பிள்ளை அம்மாவிடம் வளரும்போதே அப்பா பாதுகாவலராகத் தொடரலாம். இரண்டும் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரைதான்.

இந்துக்களுக்கான 1956-ஆம் வருஷச் சட்டம் "தகப்பன், அவருக்குப் பின் தாய்" என்று இயற்கைப் பாதுகாவலரைச் சொல்கிறது. அந்தப் "பின்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பல இடங்களில் அப்பா கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்காது என்பார்கள். 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தகப்பன் இறந்தால்தான் தாய் என்று அர்த்தமில்லை. அவர் ஊரில் இல்லாமல் இருந்தாலோ, பிள்ளை விஷயத்தில் அக்கறையே காட்டாமல் ஒதுங்கியிருந்தாலோ தாய்தான் பாதுகாவலர்.

"அவர் சென்னையில. நான் பிள்ளையோட கோத்தகிரியில அம்மா வீட்டுல. கேஸ் எங்க போடணும்?"

பிள்ளையைப் பற்றிய மனுவுக்கும் விவாகரத்து மனுவுக்கும் கணக்கு வேறு. 1890-ஆம் வருஷப் பாதுகாவலர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் கஸ்டடி மனு. போன வாரம்தான் மலையேறி வந்தீர்கள் என்றால் "வழக்கமாக வசிக்கும் இடம்" எது என்பதே முதல் சண்டையாகும். பள்ளியில் சேர்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். இந்து திருமணச் சட்டப்படியான விவாகரத்துக்குக் கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் எல்லாம் பொருந்தும். 2003-லிருந்து மனைவி தான் வசிக்கும் ஊரிலும் போடலாம்.

நீலகிரிக்காரர்களுக்கு மாவட்ட அளவிலான கோர்ட்டு ஊட்டியில். உயர் நீதிமன்றம் என்றால் சென்னை. கொடைக்கானல் பக்கத்து ஆட்கள் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.

"வக்கீலுக்குக் கொடுக்க எங்கிட்ட பைசா இல்லையே?"

பெண்ணாக இருந்தால் வருமானமே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பிள்ளைகளுக்கும், எஸ்.சி., எஸ்.டி. வகுப்பினருக்கும், தொழிலாளர்களுக்கும் அப்படியே. 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். தோட்டத் தொழிலாளியாக இருக்கும் அப்பாக்களும் கேட்கலாம். இதைத் தெரியாமல் கம்மலை அடகு வைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"அஞ்சு வயசு முடிஞ்சா பிள்ளை தானா அப்பாகிட்ட போயிடுமாமே?"

இவ்வளவு தூரம் பரவிய பொய் வேறு இல்லை. முதல் கேள்வியில் சொன்ன 1956 சட்டத்தின் 6-ஆம் பிரிவில், ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான். ஐந்தாவது பிறந்த நாள் அன்று பிள்ளையைத் தூக்கிக் கொடு என்று எந்த வரியிலும் இல்லை. "சாதாரணமாக" என்ற சொல்லையும் கவனியுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தாலும், தாயிடம் இருப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று நிரூபித்தால் கோர்ட்டு மாற்றிக் கொடுக்கலாம். அப்படி நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்பின் தலையில்.

"எனக்கு எஸ்டேட் கூலிதான். அவருக்கு ஜீப்பு, சொந்த வீடு எல்லாம் இருக்கு. பிள்ளையை அவருக்கே கொடுத்துடுவாங்களா?"

வசதியும் பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் பார்த்துக் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு வருமானம் குறைவு என்றால், அவரைப் பிள்ளைக்குப் பணம் கட்டச் சொல்ல வழி இருக்கிறது. கோர்ட்டு கடைசியில் எடைபோடுவது பிள்ளையின் நலனைத்தான். 1973-ல் ரோஸி ஜேக்கப் வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று அதில் சொன்னதை 50 வருஷத்துக்கு அப்புறமும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

"நலன்" என்ற சொல் பெரிதாக இருக்கிறது, கையில் பிடிபடாது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பேன். காலையிலிருந்து ராத்திரி வரை பிள்ளையின் ஒரு நாளை எழுதச் சொல்வேன். யார் எழுப்புகிறார்கள், எந்த பஸ்ஸில் போகிறது, டிபனில் எதை மிச்சம் வைக்கிறது, வீட்டுப்பாட டைரியில் யார் கையெழுத்து. ஒரு அப்பா, டிரைவர், இப்படி எழுதினார்: "5.40-க்கு எழுப்பணும். வெந்நீர் வைக்கணும். இன்ஹேலர் பையோட முன் ஜிப்புல. மிஸ்ட்டு இருந்தா மப்ளர் மூக்கு வரைக்கும். சாம்பார் தனியா, சோறு தனியா." இரண்டு பக்கம் போனது. அந்தப் பெண்பிள்ளை இன்று அப்பாவிடம்தான் இருக்கிறாள், அம்மாவும் ஒப்புக்கொண்டார். இரண்டாவது வரியிலேயே பேனாவை வைத்துவிட்டவர்களும் உண்டு. உங்கள் தாளை எழுதிப் பாருங்கள். வக்கீலுக்கும் அதுதான் முதலில் உதவும்.

"ஊர்ப் பெரியவங்க முன்னாடி பேசிப் பிரிஞ்சுட்டோம். பத்திரத்துல எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கியாச்சு. இது போதும்தானே?"

போதாது. முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது விவாகரத்து ஆகாது. உங்கள் சமூகத்தில் தலைமுறைகளாக அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது பெரியவர்கள் முன்னிலையில் பிரிந்து மறுமணம் செய்யும் வழக்கம் இருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதை மதிக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டு என்பதைக் கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பெரியவர்கள் பேசி வைத்ததால் சண்டை அடங்கியது என்றால் நல்லதுதான். அந்த ஏற்பாட்டையே உடன்பாட்டு விவாகரத்து மனுவாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் பிரிந்திருந்தால் சேர்ந்து மனுப் போடலாம். அதற்கு மேல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தகுந்த காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிள்ளையைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் என்ன எழுதினாலும் அது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. "ஆண்பிள்ளை அப்பனுக்கு, பொட்டப்பிள்ளை ஆத்தாளுக்கு" என்று எழுதிய தாள்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அண்ணனையும் தங்கையையும் பிரிப்பதைக் கோர்ட்டு எளிதில் ஏற்காது. பெற்றோர் பிரியும் நேரத்தில் பிள்ளைக்குப் பழசாக மிஞ்சி நிற்கும் ஒரே ஆள் கூடப்பிறந்ததுதான். அதையும் எடுத்துவிட்டால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

"நாங்க இருளர். எங்களுக்கும் இந்தச் சட்டந்தானா? கிறிஸ்தவங்க, முஸ்லிம்னா?"

தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. உங்கள் வழக்கப்படிதான் பிரிவு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷ விவாகரத்துச் சட்டம். உடன்பாட்டுப் பிரிவுக்கு அதில் 2001-ல்தான் வழி திறந்தார்கள். முஸ்லிம்களில் ஹனஃபி முறைப்படி பையன் ஏழு வயது வரையும் பெண் பருவம் அடையும் வரையும் தாயிடம் வளர்வது உரிமை. 1890 சட்டம் எல்லாருக்கும் பொது. பிள்ளை யாரிடம் என்று வரும்போது எந்த மதத்தவர் ஆனாலும் நலன்தான் முன்னால் நிற்கும்.

"பிள்ளைகிட்ட என்னன்னு சொல்றது? 'அப்பா வேலைக்குப் போயிருக்கார்'னு சொல்லி வெச்சிருக்கேன்."

அந்தப் பொய் ஒரு மாதம் தாங்கும். அதற்கப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்ளும். முடிந்தால் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். "நாங்க ரெண்டு பேரும் தனித்தனி வீட்டுல இருக்கப் போறோம். இது உன்னால நடக்கல. ரெண்டு பேரும் எப்பவும் உனக்கு அம்மா அப்பாதான்." அப்புறம் பிள்ளை உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புவதைச் சொல்லுங்கள்: நாளைக்கு எங்கே தூங்குவாய், எந்த பஸ்ஸில் பள்ளிக்குப் போவாய், நாய்க்குட்டி யாரிடம் இருக்கும்.

நாலைந்து வயதில் பிள்ளை எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று நினைக்கும். "நான் பால் குடிக்கலைன்னுதான் அப்பா போயிட்டாரா" என்று கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். ஏழெட்டு வயதில் மறுபடி சேர்த்துவைக்கப் பார்க்கும், அதற்காகக் காய்ச்சல் என்றுகூடச் சொல்லும். பத்து பன்னிரண்டில் யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்கி மற்றவர் பக்கம் நின்றுகொள்ளும். பதின்வயதுப் பிள்ளை எதுவுமே நடக்காத மாதிரி போனில் மூழ்கும். இதெல்லாம் அந்தந்த வயதின் இயல்பு. "உன்னால இல்ல" என்பதை ஒரு தடவை சொன்னால் போதாது, மாதக்கணக்கில் சொல்ல வேண்டும்.

"எட்டு வயசுப் பையன் திரும்பவும் படுக்கையில மூத்திரம் போறான். பாட்டி மந்திரிக்கணுங்கிறாங்க."

பயமும் துக்கமும் வாய்வழியே வர முடியாதபோது உடம்புவழியே வரும். நகம் கடிப்பது, வயிற்றுவலி, படித்துக்கொண்டிருந்த பிள்ளை எழுத்துக்கூட்டுவது எல்லாம் இதில் சேரும். திட்டாதீர்கள், பாயை வெயிலில் காயவைத்து ஊருக்குக் காட்டாதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் "வீட்டில் இப்படி ஒரு மாற்றம்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், காரணம் தெரிந்தால் நாங்கள் பிள்ளையை வேறு மாதிரி நடத்துவோம். பழைய நேரத்துக்குச் சாப்பாடு, பழைய நேரத்துக்குத் தூக்கம் என்று வைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் முதலில் டாக்டரிடம் காட்டி, சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

பிரிந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் கெட்டுப்போவார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். பிரிந்த குடும்பங்களில் சுமார் நான்கில் ஒரு பிள்ளைக்குக் கடுமையான சிக்கல் இருந்தது. பிரியாத குடும்பங்களில் அது பத்தில் ஒன்று. அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்கில் மூன்று பிள்ளைகள் நன்றாகவே வந்தார்கள். பிரிந்த பிறகும் ஓயாத சண்டைதான் பிள்ளையை அதிகம் உடைக்கிறது.

"சமரச மையத்துக்குப் போகச் சொல்லியிருக்காங்க. சேர்ந்து வாழுன்னு கட்டாயப்படுத்துவாங்களோ?"

குடும்ப நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமாதானத்துக்கு முயற்சி செய்வது கோர்ட்டின் கடமை. கட்டாயம் கிடையாது. சேர முடியாது என்று உறுதியாக இருந்தால், எப்படிப் பிரிவது என்பதை அங்கேயே பேசலாம்: பள்ளிக் கட்டணம், சந்திக்கும் நாள், பொங்கல் யார் வீட்டில். அங்கே பேசியதை அப்புறம் கோர்ட்டில் சாட்சியாக்க முடியாது. ராபர்ட் எமரி என்ற ஆய்வாளர், கஸ்டடிக்காகக் கோர்ட்டுக்கு வந்த குடும்பங்களில் சிலரைச் சமரசத்துக்கும் சிலரை வழக்காடலுக்கும் குலுக்கல் முறையில் அனுப்பிப் பார்த்தார். சில மணி நேரமே சமரசம் பேசினார்கள். 12 வருஷம் கழித்துப் பார்த்தபோது, சமரசம் பேசிய குடும்பங்களில் பிரிந்திருந்த பெற்றோர் பிள்ளையோடு மிக அதிகத் தொடர்பில் இருந்தார்கள்.

அடி உதை இருந்த வீடு என்றால் எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை. தனித்தனி அறையில் பேசுங்கள் என்று கேளுங்கள்.

"மாசம் ரெண்டு ஞாயிறு பஸ் ஸ்டாண்டுல வெச்சுக் கைமாத்தணும்னு உத்தரவு. ஒவ்வொரு தடவையும் சண்டையாயிடுது."

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பையன், நீல ஸ்வெட்டர். அப்பா வாங்கிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர் பைக்குள் மடித்து இருந்தது. அம்மாவிடம் டாட்டா சொல்லிவிட்டு அப்பாவோடு பஸ்ஸில் ஏறினான். பஸ் நகர்ந்து அம்மா கண்ணுக்கு மறைந்ததும், யாரும் சொல்லாமலே நீலத்தைக் கழற்றிவிட்டுப் பச்சையை மாட்டினான். சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி நீலம். அந்தக் குளிரில் ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம் வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு வீட்டிலும் யாரோ ஒரு தடவை முகம் சுளித்திருக்கிறார்கள், அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அவனுடைய அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை பச்சை ஸ்வெட்டரை அவரே மாட்டி அனுப்பினார்.

கைமாற்றும் ஐந்து நிமிஷத்தில் வழக்கைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டாம். அதை மெசேஜில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் முகம் பார்க்க முடியாது என்றால் சித்தப்பாவோ அத்தையோ கொண்டுபோய் விடட்டும். பஸ் ஸ்டாண்டு இரைச்சல் என்றால் சிம்ஸ் பூங்கா மாதிரி இடத்தைக் கேட்டு உத்தரவில் எழுதி வாங்குங்கள். மருந்து, வீட்டுப்பாடம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிப் பையில் போடுங்கள். திரும்பி வந்ததும் "அங்க யார் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்க" என்று குடையாதீர்கள். "பசிக்குதா" என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தோன்றும்போது தானே சொல்லும்.

"மழையில ரோடு அடைச்சிடுது, சீசன்ல எனக்கு வண்டி ஓட்டணும். சந்திப்பு நாள் தவறினா போச்சா?"

மலைக்கு ஏற்ற மாதிரி உத்தரவை முதலிலேயே எழுதி வாங்காததால் வரும் சிக்கல் இது. அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் பாதை நின்றுபோவது நமக்கு வருஷா வருஷம் தெரியும். "பாதை அடைபட்டால் அடுத்த ஞாயிறு" என்ற ஒரு வரி போதும். சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்கள் ஏப்ரல், மே மாதத்து ஞாயிறுகளுக்குப் பதிலாக வார நாளோ ஜூன் மாதமோ கேட்கலாம். கீழேயிருந்து சொந்த வண்டியில் வரும் அப்பாக்களுக்கு இன்னொன்று: 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு நாளைக்கு 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு போன் செய்தால் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

நேரில் முடியாத வாரங்களுக்கு வீடியோ கால் கேளுங்கள். பிரிந்திருக்கும் பெற்றோருக்குப் பேசும் தொடர்பும் வேண்டும் என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தோட்ட லைன் வீடுகளில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆறு மாசமா பணம் கட்டல. நான் மட்டும் எதுக்கு பிள்ளையைக் காட்டணும்?"

கோபம் நியாயம்தான். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். பிள்ளைக்குச் சோறு போடுவது அவர் கடமை, அப்பாவைப் பார்ப்பது பிள்ளையின் தேவை. பணம் வராவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டுச் சம்பளத்தில் பிடிக்க வைக்கலாம். ஜீவனாம்சம் கேட்கும் பழைய 125-ஆம் பிரிவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-ஆம் பிரிவு. அதன்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்டால், கட்டாதவரை ஜெயிலுக்குக்கூட அனுப்பலாம். 2020-ல் ரஜ்னேஷ் வழக்குக்குப் பிறகு, இரண்டு தரப்பும் சொத்து, வருமானக் கணக்கைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், தொகை மனுப் போட்ட நாளிலிருந்தே சேரும்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவிடம் "பணம் கட்டும்வரை காட்டாதே" என்று நானே சொன்னேன். அந்த அப்பா பணமும் கட்டவில்லை, வருவதையும் நிறுத்திவிட்டார். அந்தப் பெண்பிள்ளை மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவாரி உட்கார்ந்திருந்தாளாம். அது என் தப்பு.

"பணமே வேண்டாம், பிள்ளையை மட்டும் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப கேக்க முடியாதா?"

உங்களுக்கான பணத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைக்குச் சேரவேண்டியதை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, அது பிள்ளையுடையது. தாராளமாகக் கேட்கலாம்.

"பிள்ளையே 'அப்பாகிட்ட போக மாட்டேன்'னு அழுது. நான் சொல்லிக் குடுத்தேன்னு அவர் கேஸ்ல எழுதியிருக்கார்."

அழுகைக்கு மூன்று காரணம் இருக்கலாம். அம்மாவை விட்டுப் பிரியும் நேரத்துப் பயம் ஒன்று. பஸ் ஏறிய பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும், எல்.கே.ஜி. முதல் நாளில் பார்த்த அழுகைதான். அங்கே நிஜமாகவே ஏதோ தப்பு நடக்கிறது என்பது இன்னொன்று. வீட்டில் கேட்கும் பேச்சு பிள்ளைக்குள் இறங்கிவிட்டது என்பது மூன்றாவது. "அப்பா கெட்டவர்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் போன் வந்தால் உங்கள் முகம் மாறுவதே போதும், மேலே சொன்ன ஸ்வெட்டர் மாதிரி. எந்தக் காரணம் என்று பிள்ளையையே திரும்பத் திரும்பக் கேட்டால், நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் கேட்கட்டும்.

ஒரு பெற்றோர் பிள்ளையை மற்றவருக்கு எதிராகத் திருப்புவதை 1985-ல் ரிச்சர்ட் கார்ட்னர் என்பவர் ஒரு நோய்க்குறி மாதிரி பெயர் வைத்து அழைத்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2017-ல் விவேக் சிங் வழக்கில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் அதை நோயாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளையைத் திருப்பிவிடுவது நடக்கிறதுதான். நிஜமாக அடிபட்ட பிள்ளையின் வாயை அடைக்க இதே குற்றச்சாட்டைப் பயன்படுத்துவதும் நடக்கிறது. ஆதாரம் என்றால் தேதி, நேரம், நடந்தது என்று எழுதி வையுங்கள். பிள்ளை அழுவதை வீடியோ எடுக்காதீர்கள். அழும் நேரத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்ற அம்மாவைத்தான் அது ஞாபகம் வைத்திருக்கும்.

"ஜட்ஜ் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவாரா? என்ன சொல்லச் சொல்லணும்?"

விவரம் தெரிந்த வயது என்றால் பேசுவார். 1890 சட்டமே பிள்ளையின் விருப்பத்தைக் கருதலாம் என்கிறது. இத்தனை வயது என்று எல்லை இல்லை. பெரும்பாலும் தன் அறையில், பெற்றோரும் வக்கீலும் இல்லாமல் பேசுவார். பிள்ளை சொன்னது அப்படியே தீர்ப்பாகாது, பல விஷயங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்வார்.

எதையும் சொல்லச் சொல்லாதீர்கள். மனப்பாடம் செய்த பதிலைக் கண்டுபிடிக்க ஜட்ஜுக்கு இரண்டு நிமிஷம் போதும். அதைவிட, "நான் சொன்னதாலதான் அப்பா தோத்துட்டார்" என்ற பாரம் பிள்ளையின் தலையில் ஏறிவிடும். "ஒருத்தர் உங்கிட்டப் பேசுவாங்க, உனக்குத் தோணறதைச் சொல்லு, முடிவு எடுக்கறது பெரியவங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

"குடிச்சுட்டு வந்து அடிக்கிறவர்கிட்ட எப்படிப் பிள்ளையை அனுப்புறது?"

அனுப்ப வேண்டாம், ஆனால் கோர்ட்டிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் தற்காலிகக் கஸ்டடி கொடுக்கலாம், சந்திப்பு ஆபத்து என்றால் மறுக்கவும் செய்யலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரோ 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலோ வழி காட்டுவார்கள். பிள்ளையைத் தொடக்கூடாத விதத்தில் யாராவது தொட்டிருந்தால் சமரசம், சந்திப்பு எதுவும் பேச வேண்டாம், உடனே 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குடி மட்டும்தான் சிக்கல், கை நீட்டியதில்லை என்றால் நடுவே ஒரு வழி உண்டு: வேறொரு பெரியவர் முன்னிலையில், பகலில், இரண்டு மணி நேரம். இதற்கு முன்னால் சொன்னதெல்லாம், அப்பாவைக் காட்டுங்கள், ஸ்வெட்டரை மாட்டுங்கள் என்றதெல்லாம், பாதுகாப்பான வீடுகளுக்குத்தான்.

"ஸ்கூல் வாசல்லயே பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டார். போலீஸ்ல கடத்தல் கேஸ் போடலாமா?"

கோர்ட்டு உத்தரவு இல்லாத நிலையில், பெற்ற தகப்பன் கூட்டிப்போவதைப் பொதுவாகக் கடத்தல் என்று பதிய மாட்டார்கள். மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், தேதிக்கு ஆதாரம். அதே வாரத்தில் இடைக்கால கஸ்டடி மனுப் போடுங்கள். தாமதித்தால் பிள்ளை அங்கே பழகிவிடும், பழகியதையும் கோர்ட்டு பார்க்கும். உத்தரவை மீறித் தூக்கிப்போனாலோ, உரிமையே இல்லாத உறவினர் பிடித்து வைத்திருந்தாலோ பிள்ளையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில் எடுபடும். 2019-ல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் அம்மா இறந்த பிறகு அம்மாவழி உறவினர்களிடம் இருந்த பிள்ளையை அப்படித்தான் அப்பாவிடம் ஒப்படைத்தார்கள்.

நீங்களும் பதிலுக்குப் போய்த் தூக்கிவராதீர்கள். இரண்டாவது தடவை தூக்கப்பட்ட பிள்ளை பள்ளி மணி அடித்தாலே நடுங்கும்.

"ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. பிள்ளை நாலு வருஷமா எங்க அம்மாகிட்ட. இப்ப அவர் கேக்கறார். பாட்டிக்கு உரிமை உண்டா?"

பெற்றோர் உயிரோடும் தகுதியோடும் இருந்தால் அவர்களுக்குத்தான் முதலிடம், இப்போது சொன்ன 2019 வழக்கு மாதிரி. ஆனால் அது இறுகிய விதி அல்ல. 2008-ல் நீல் ரத்தன் குண்டு வழக்கில் வரதட்சிணைக் கொடுமையில் மகள் இறந்த பிறகு, பேரனைத் தாத்தா பாட்டியிடமே விட்டார்கள். மருமகன் மேல் வழக்கு இருந்தது, பையனும் தாத்தா பாட்டியிடம் இருக்கவே விரும்பினான்.

உங்கள் விஷயத்தில், பிள்ளையின் ஒரு நாளை எழுதும் அந்த வெள்ளைத்தாளைப் பாட்டியிடம் கொடுங்கள், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். யாரிடம் தீர்ப்பானாலும் மாற்றம் படிப்படியாக நடக்க வேண்டும் என்று கேளுங்கள்: முதலில் பகல், அப்புறம் ஒரு ராத்திரி, அப்புறம் முழுப்பரீட்சை லீவு. நாலு வருஷம் பாட்டியின் கம்பளிக்குள் தூங்கிய பிள்ளையை ஒரே நாளில் பிரித்தால் அதற்கு அது ஒரு சாவு மாதிரி.

"ஆளுக்குப் பாதி மாசம்னு வெச்சுக்கலாமா?"

2015-ல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டுக் கஸ்டடியைச் சட்டமாக்கச் சொன்னது. நீங்கள் ஒத்துக்கொண்டு கேட்டால் கோர்ட்டும் பார்க்கும். இரண்டு வீடும் ஒரே பள்ளி பஸ் தடத்தில், இரண்டு பேரும் சண்டையில்லாமல் பேசக்கூடியவர்கள் என்றால் நன்றாக ஓடும். அருவங்காட்டிலும் குன்னூரிலும் இருப்பவர்களுக்கு முடியும். கூடலூருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே முடியாது. பிள்ளை மாதம் பூராவும் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்.

"தீர்ப்பு வந்து மூணு வருஷமாச்சு. இப்ப நான் மறுகல்யாணம் பண்ணிக்கப் போறேன். பிள்ளையைப் பிடுங்கிடுவாங்களா?"

மறுமணம் மட்டுமே காரணமாகாது, அது அப்பாவுக்கும் பொருந்தும், அம்மாவுக்கும் பொருந்தும். ஆனால் கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல, நிலைமை மாறினால் மாற்றலாம் என்பதை ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள். புது வீட்டில் பிள்ளைக்குத் தூங்க இடம் எது, புது அப்பாவை எப்படிக் கூப்பிடும், பழைய அப்பாவின் ஞாயிறு அப்படியே நடக்குமா என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள். "அப்பா"ன்னு கூப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அது வரும்போது வரும், வராமலும் போகலாம்.

"பொண்ணுக்குப் பதினாலு வயசு. 'ஏன் பிரிஞ்சீங்க'ன்னு கேக்கறா. கோர்ட்டு பேப்பரை எடுத்துக் காட்டிடட்டுமா?"

வேண்டாம். விவாகரத்து மனு எப்படி எழுதப்படும் என்று எனக்குத் தெரியும், நானும் எழுத உதவியவள். அதில் ஒவ்வொரு வரியும் எதிர்த்தரப்பை மோசமாகக் காட்டவே இருக்கும். அதைப் படிக்கும் பெண், தன் உடம்பில் பாதி அந்த ஆளுடையது என்றும் நினைத்துக்கொள்வாள். "எங்களால சண்டை இல்லாம சேர்ந்திருக்க முடியல" என்று சொல்லுங்கள். மேலே கேட்டால், பொய் சொல்லாமல், "அது எங்களுக்குள்ள இருக்கட்டும், நீ பெரியவளானதும் பேசலாம்" என்று சொல்லுங்கள். பேப்பர்களைக் கட்டாகக் கட்டி அவள் கை போகாத இடத்தில் பூட்டி வையுங்கள். கல்யாண ஆல்பத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தால், அதை அவள் எடுத்துப் பார்க்கும்படி கீழ்த்தட்டில் வையுங்கள்.